சீனியர் பாடம் எடுத்தால் சரியா?

மெக்கானிக்கல் முன்னாள் மாணவர்:
பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். முதலாண்டில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பு தலையில் ஏறவே இல்லை. எழுந்து கேட்கக் கூச்சம். ஹாஸ்டலில் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர்தான் ஃப்ரீ பாடி டயகிராம் (ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் படம்) போடுவதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். அரியர் விழாமல் தப்பித்தேன். இதை எல்லாக் கல்லூரிகளும் முறைப்படி நடத்த வேண்டும்.

விரிவுரையாளர்:
தம்பி, உங்களுக்கு நல்ல சீனியர் அமைந்தார். என் வகுப்பில் நடந்தது வேறு. சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு தெரியும்தானே? ஏணியின் அடி வெளியே வழுக்கப் பார்க்கும், அதனால் தரையில் உராய்வு சுவரை நோக்கி இருக்கும். மேல் முனை கீழே சரியப் பார்க்கும், அங்கே உராய்வு மேல்நோக்கி. ஒரு சீனியர் இரண்டையும் கிடைமட்டமாகவே போடச் சொல்லிவிட்டார். ஒரு பெஞ்ச் முழுக்க அதே தப்பு. அதை மறக்கடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அப்புறம், காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் ஒப்பேற்ற நிர்வாகத்துக்கும் இது வழியாகிவிடும்.

மெக்கானிக்கல் முன்னாள் மாணவர்:
அந்தத் தப்பு பயிற்சி இல்லாததால் வந்தது, மேடம். அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் தொடங்கிய முறையில், அந்தப் பாடத்தை நன்றாக முடித்த மாணவர் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்து கேட்பார். பிறகு தனி அமர்வு நடத்துவார். அங்கும் விரிவுரை கிடையாது, மாணவர்களையே பேசிக் கணக்குப் போட வைப்பார்.

விரிவுரையாளர்:
மறுபடி வகுப்பில் உட்கார இங்கே சீனியருக்கு ஏது நேரம்? அதே மணியில் அவருக்கு லேப் இருக்கும். ஊதியம் யார் தருவார்கள்?

இறுதியாண்டு மாணவி, ஈஈஈ:
நான் இரண்டு வருடமாக ஜூனியர்களுக்கு சர்க்யூட் தியரி சொல்லித் தருகிறேன். மின்சுற்றின் சந்திப்புகளில் மின்னழுத்தம் கண்டுபிடிக்கும் நோடல் அனாலிசிஸ் எனக்கே முழுதாகப் புரிந்தது அப்போதுதான். ஆனால் ஊதியம் பற்றி மேடம் கேட்பது நியாயம். என் தேர்வுக்கு முந்தைய இரவுகூட யாராவது கதவைத் தட்டுவார்கள், முடியாது என்று சொல்ல மனம் வராது.

விரிவுரையாளர்:
அதனால்தான் சொல்கிறேன், அம்மா. சந்தேகத்தை என்னிடம் கொண்டு வரச் சொல்லுங்கள். மாலை ஐந்து வரை அறையில்தான் இருக்கிறேன்.

இறுதியாண்டு மாணவி, ஈஈஈ:
நாலரைக்கே கல்லூரி பஸ் கிளம்பிவிடுகிறது, மேடம். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வருவது இரவு பத்து மணிக்கு.