கொய்வுச்சுவர், இழைப்பலபடி, பின்வலுவூட்டல்

வணக்கம்.

'இழை வலுவூட்டிய பலபடியால் வலுவூட்டிய கற்காரை வெட்டுச்சுவரை வலுவூட்டல்' என்ற கலைச்சொல் முன்மொழிவைப் (ஆங்கிலத்தில் strengthening of reinforced concrete shear walls with fibre-reinforced polymer) படித்தேன். ஒரே தொடரில் 'வலுவூட்டு' மூன்று முறை வருகிறது, மூன்றுக்கும் வேறு வேறு பொருள். முதலாவது பிசினுக்குள் (பலபடி, அதாவது பாலிமர்) இழை இருப்பது, அடுத்தது கற்காரைக்குள் (கான்கிரீட்) கம்பி இருப்பது. மூன்றாவது, கட்டி முடித்த சுவருக்கு வெளியிலிருந்து பிறகு இழைத்தாளை ஒட்டிச் செய்கிற வேலை. பிரித்துச் சொல்லாவிட்டால், இழையைக் கற்காரையோடு கலந்து வார்ப்பதாகத்தான் மாணவர் நினைப்பார்.

மூன்றாவதற்குப் 'பின்வலுவூட்டல்' என்று வைப்போம். பொருளுக்கு 'இழைப்பலபடி' போதும். கரியிழைப்பலபடி, கண்ணாடியிழைப்பலபடி என்று நீட்டிக்கொள்ளலாம். 'நார்' வேண்டாம், ஒளியிழை, கண்ணாடியிழை எல்லாம் ஏற்கெனவே நிலைத்துவிட்டன.

'வெட்டுச்சுவர்' என்றால் வெட்டிய சுவர் என்றே காதில் விழுகிறது. 'சறுக்குச்சுவர்' அதைவிட மோசம். நிலநடுக்கத்திலும் காற்றிலும் வரும் பக்கவிசையைத் தாங்கி நிற்க வேண்டிய சுவருக்குச் சறுக்குகிற பெயரா? ஒரு பகுதியை அடுத்த பகுதியின்மேல் வழுக்கத் தள்ளும் விசைக்கு (shear) இலங்கை வழக்கில் 'கொய்வு' இருக்கிறது. 'கொய்வுச்சுவர்' என்றே எடுத்துக்கொள்வோம்.

அப்புறம், சுவரில் ஒட்டிய இழைத்தாள் கழன்றுபோவதற்கு (debonding) 'ஒட்டுவிடல்' என்று எழுதியிருந்தீர்கள். இதை நான் ஏற்கவில்லை. இழைத்தாளை எப்பாக்சிப் பிசினால் ஒழுங்காக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பிசின் விடுவதில்லை. அதற்கு அடியில் இருக்கும் கற்காரையின் மேல்தோல்தான் மெல்லிய படலமாகப் பெயர்கிறது. விழுந்த தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் காரையும் மணலும் அப்பியிருக்கும். இழையோ தன் முழு இழுவலிமையை எட்டியிருக்காது. ஒட்டு விடாதபோது அதன்மேல் பழி போடும் சொல் எதற்கு? 'உரிவு' சரியாக இருக்கும்.

உரிவைத் தள்ளிப்போடத்தான் சுவரிலோ அடித்தளத்திலோ துளையிட்டு, பிசினில் தோய்த்த இழைக்கற்றையைச் செருகி, வெளியே நிற்கும் முனையை விசிறியாக விரித்துத் தாளின்மேல் ஒட்டுகிறார்கள். இதற்கு 'இழைநங்கூரம்'.

சுவரில் ஒட்டும் இழைப்பட்டைகளின் பெயரில் திசை தெரிய வேண்டும். கிடைப்பட்டை கொய்வைத் தாங்கும், நெடும்பட்டை வளைவைத் தாங்கும்.

இன்னொன்று பாக்கி. சுவரின் இரு விளிம்புகளையும் சுற்றித் தாளை வரிந்துவிட்டால், அழுத்தத்தில் நசுங்கும் கற்காரை பக்கவாட்டில் பிதுங்காமல் நிற்கிறது. இதற்கு (confinement) 'சிறைப்படுத்தல்' எனக்கு ஒப்பவில்லை. 'வரிகட்டு' எப்படி? விளிம்பில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.