போர்க்கப்பல வெளிநாட்டுலயே எத்தன வருஷம் வச்சிருக்கலாம்?

கேள்வி:
நாகப்பட்டினத்துலேர்ந்து கேக்குறேன். மச்சான் சிங்கப்பூர் ஷிப்யார்டுல வெல்டரா இருக்காப்ல, அமெரிக்கா நேவி கப்பலுங்க ஜப்பான்லயே வருஷக்கணக்கா நிக்குதுங்குறாப்ல, இதுக்கு சட்டம் ஏதும் இருக்கா இல்ல அவங்க இஷ்டமா?

பதில்:
இருக்குண்ணே. வெளிநாட்டுத் துறைமுகத்த தாய்த்துறைமுகமா வச்சு ஒரு கப்பல் தொடர்ந்து 10 வருஷத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2018ல அமெரிக்காவுல சட்டம் போட்டாங்க. அதுக்குக் காரணம், 2017ல ஃபிட்ஸ்ஜெரால்ட்ங்குற அமெரிக்கப் போர்க்கப்பல் ஜப்பான் கிட்ட சரக்குக்கப்பலோட மோதி 7 பேர், ரெண்டே மாசத்துல மெக்கெய்ன்ங்குற இன்னொரு போர்க்கப்பல் சிங்கப்பூர் கிட்ட மோதி 10 பேர் எறந்துபோயிட்டாங்க, ரெண்டுமே ஜப்பான்ல யோகோசுகா கடற்படைத் தளத்துல நின்ன கப்பலுங்க. மெக்கெய்ன் 1997ல ஜப்பான் போனது, 2021லதான் அமெரிக்கா திரும்புச்சு.

பதில்:
61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல அக்கரைப்பேட்ட பக்கம் போய்ப் பாருங்க, விசைப்படக கரையேத்தி அடியில ஒட்டுன சிப்பிய சுரண்டி, பலக இடுக்குல பஞ்சு அடிச்சு, இஞ்சின எறக்கி வேல பாப்பாங்க. தடை இல்லன்னா எந்த ஓனரும் படக நிறுத்த மாட்டாரு, பெரிய கப்பலுக்கும் அதேதான், வேல இருந்துகிட்டே இருந்தா ரிப்பேரும் ட்ரெயினிங்கும் தள்ளிப்போகும், அது உயிர் போற விஷயம்.

கேட்டவர்:
அப்ப ஆளுங்களும் 10 வருஷம் அங்கயேவாண்ணே?

பதில்:
இல்லப்பா, ஆளுங்க சில வருஷத்துல மாறிடுவாங்க. இந்த 10 வருஷக் கணக்கு கப்பலுக்கு.