குளச்சல் மேசைக்கு லண்டனில் வாங்க வேண்டியவை

*செல்வின்:* பெரியப்பா, சனிக்கிழமை லண்டன் எக்செல் அரங்கில் நடக்கும் சல்யூட் கண்காட்சிக்குப் போகிறேன். சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற சங்கத்தார் 1972இல் தொடங்கிய சிற்றுருவப் போர்விளையாட்டுக் கண்காட்சி அது. நூலகத்துக்காக அபின் சிறு பொம்மைகளை வைத்துச் செய்யும் குளச்சல் போர்க் காட்சி மேசைக்கு என்னென்ன வேண்டும் என்று இன்று இரவுக்குள் எழுதிவிடுங்கள்.

*தக்கலை பெரியப்பா:* மக்களே, வாங்கும் முன் போரை விளங்கிக்கொள். மிளகு வாணிபத்தைத் தன் கைக்குள் வைத்திருக்க நினைத்த டச்சுக் கம்பெனியின் படை, 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு அதே அரசருக்குப் படை பழக்கி, 1777இல் இறந்து, நம் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், லத்தீனும் தமிழும் பொறித்த கல்லறையில் கிடக்கிறார். ஆகையால் நெப்போலியன் காலத்து உயரத் தொப்பி போட்ட பொம்மைகளை நீ வாங்கி வந்தால் நூலகத்தில் என் மானம் போய்விடும்.

*ஜெனி மதினி:* முக்கோணத் தொப்பி வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம் மாமா.

*அபின்:* செல்வின் சித்தப்பா, 28 மில்லிமீட்டர் உயர அளவில், 1740களின் ஐரோப்பியக் காலாட்படைப் பெட்டி ஒன்று போதும். வலேஹோ கம்பெனி பெயின்டில் டார்க் பிரஷ்யன் ப்ளூ, செபியா வாஷ் என்ற நீர்த்த பழுப்பு வண்ணம், கோலின்ஸ்கி முடித் தூரிகை ஒன்று, அடிப்பூச்சுக்கு ஸ்பிரே பிரைமர் ஒன்று ஆகியவையும் வேண்டும்.

*செல்வின்:* ஸ்பிரேயைப் பெட்டியில் போட்டாலும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அதை அடித்தால் முகமெல்லாம் சொரசொரப்பாகப் படிந்து, கண் எது மூக்கு எது என்றே தெரியாமல் போகும். தூரிகையால் பூசும் பிரைமர் வாங்கி வருகிறேன். திருவிதாங்கூர் வீரர்களுக்கு என்ன செய்வாய்?

*அபின்:* மீதிப் பொம்மைகளின் தொப்பியை அறுத்துவிட்டு, எம்-சீல் ஒட்டுக் களிம்பை உருட்டி முன்குடுமியும் வேட்டியும் வைப்பேன்.

*பாறசாலை அத்தை:* எங்கள் அரசரின் படையை நன்றாகச் செய் மக்களே. செல்வின், என் முட்டுவலிக்குத் தைலம் மறந்துவிடாதே.

*தக்கலை பெரியப்பா:* அரசர் எப்போதிருந்து கேரளத்துப் பாறசாலைக்காரர் ஆனார் தங்கச்சி? அவருடைய பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது.

*பாறசாலை அத்தை:* அதன் சாவி கேரள அரசிடம் இருக்கிறது. அப்பா வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், பத்திரம் என் அலமாரியில் இருக்கிறது, அதுபோலத்தான்.

*ஜெனி மதினி:* பத்திரப் பேச்சை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

*தக்கலை பெரியப்பா:* முக்குவ மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்தி வரிசையாக நின்று டச்சுக்காரரை மிரட்டியதாகக் கேட்டு வளர்ந்தோம். துடுப்போடு நிற்கும் பொம்மை அங்கே கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

*அபின்:* அதற்குப் பணம் வேண்டாம் தாத்தா. ஈர்க்கிலைச் சீவி, நுனியில் அட்டைத் துண்டை ஒட்டினால் துடுப்பு ஆகிவிடும். கடற்கரைக்கு மணவாளக்குறிச்சிக் கருமணலை எடுத்து வந்திருக்கிறேன். உப்புப் பூக்காமல் இருக்க நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்திருக்கிறேன்.

*குவைத் சித்தப்பா:* அங்கே மட்டும் கிடைப்பதை மட்டும் வாங்கு செல்வின். பாதிப் பணத்தை நான் அனுப்புகிறேன்.

*ஜெனி மதினி:* போன வருடப் பெயின்ட் பணத்தின் பாதியும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

*தக்கலை பெரியப்பா:* மறுபாதியை நூலகக் கமிட்டியில் கேட்கலாம். அதற்கு முன், டச்சுக்காரரின் கோட்டு நீலம்தானா என்பது முடிவாக வேண்டும். டிலனாய் சரணடையும் ஓவியம் அரண்மனையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அபினை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.

*செல்வின்:* கண்காட்சி சனிக்கிழமை ஒரு நாள்தான் பெரியப்பா.

*தக்கலை பெரியப்பா:* அப்படியென்றால் சிவப்பிலும் ஒரு குப்பி வாங்கிக்கொள்.

*குவைத் சித்தப்பா:* சிவப்புக் குப்பி என் பாதியில் சேராது.

*பாறசாலை அத்தை:* தைலத்தைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.