ஜவ்வாது மலைச் சுற்று: அந்த 6 கிலோமீட்டர் மண்பாதை போகப்போகுது

சரளைக்கால்
போன சனி ஞாயிறு மூணு பேரா ஜவ்வாது மலை போயிட்டு வந்தோம். போளூர்ல விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பி, மலை ஏறி, ஜமுனாமரத்தூர்ல ராத் தங்கல். மறுநாள் காவலூர் வழியா ஆலங்காயம் இறக்கம். ஏத்தம் முடியறவரைக்கும் உசுரு போகும், மேல போனப்புறம்தான் சுகமே. ஒரு மேடு, ஒரு பள்ளம், சாமைக் கொல்லை, நடுவுல ஒரு பலா மரம், நாலு ஓட்டு வீடு, ஒரு பம்பு குழாய், மறுபடி மேடு. நாய் கூட துரத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்குது.

மெயின் ரோடு எல்லாம் தார்தான். ஆனா ஒரு குக்கிராமத்துக்குப் பிரியற 6 கி.மீ. செம்மண் சரளைப் பாதை இருக்கு பாருங்க, அதுலதான் கிராவல் சைக்கிளுக்கு (மண்பாதைக்குன்னே அகல டயரோட வர்ற சைக்கிள்) குடுத்த காசு வசூலாச்சு. 40 மி.மீ. டியூப்லெஸ் டயர்ல காத்தை 35 பிஎஸ்ஐக்கு இறக்கிட்டேன், மெத்தை மேல போற மாதிரி இருந்துச்சு.

வருத்தமான சேதி என்னன்னா, ஓரத்துல ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க. தார் வரப்போகுதாம். மிச்சம் இருக்கிற மண்பாதையையும் இப்படி மூடிட்டா நாம எங்க போறது? கலெக்டருக்கு ஒரு மனு எழுதலாம்னு இருக்கேன். யாரெல்லாம் கையெழுத்துப் போடறீங்க?

இரட்டைக்கம்பி
கிராவல்னா எங்க ஊர்ல டிப்பர்ல அடிக்கிற மண்ணு. அதுக்குத் தனியா ஒரு சைக்கிளா? எங்கப்பா அட்லஸ்ல பின்னாடி ரெண்டு பால்கேன் கட்டிக்கிட்டு இதைவிட மோசமான பாதையில 20 வருஷம் போனார். ஒரு சொட்டு சிந்தினதில்ல.

சரளைக்கால்
ஏத்தத்துல இறங்கித் தள்ளினாரான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே. கியர்ல முன்னாடி 40 பல், பின்னாடி 42 பல் இருக்கிறதால நான் இறங்காம ஏறினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரட்டைக்கம்பி
தள்ளினார்தான். ஆனா அவர் முட்டி இன்னும் நல்லா இருக்கு, தம்பி.

வெள்ளைமண்
மனுவுக்கு நான் ரெடி. இது ஏதோ சைக்கிள்காரன் சுயநலம்னு யாரும் நினைக்க வேண்டாம். இத்தாலியில டஸ்கனி மலைப்பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவுல வெள்ளைச் சரளைச் சாலைகள் உண்டு. ஒவ்வொண்ணா தார் போட்டு மூடிக்கிட்டே வந்தாங்க. அதைத் தடுக்கணும்னுதான் 1997ல கையோலேங்கிற சின்ன ஊர்ல லெரோய்கான்னு ஒரு சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினாங்க. பழைய இரும்பு சைக்கிள், கம்பளிச் சட்டை, அந்த மண்சாலை, இதுதான் அதோட கணக்கு. இன்னைக்கு உலகம் முழுக்க இருந்து அங்க ஆள் வருது. 2007லேருந்து அதே மாதிரி சாலைகள்ல ஸ்த்ராதே பியாங்கேன்னு தொழில்முறைப் பந்தயமே நடக்குது, சியன்னா நகரச் சதுக்கத்துல முடியும். மண்சாலைன்னா பின்தங்கின சாலைன்னு நாமதான் நினைச்சுக்கறோம். அங்க அதை சொத்தா பார்க்கறாங்க. ஜவ்வாதுல மட்டும் ஏன் முடியாது?

சாமைக்கொல்லை
வணக்கம் சார். நான் அந்தப் பக்கத்து ஆளு. நீங்க சொல்ற பாதை எந்த ஊருக்குப் போறதுன்னும் தெரியும். இப்ப திருப்பூர்ல வேலை, லீவுக்குத்தான் ஊருக்குப் போவேன்.

மெத்தை மேல போற மாதிரின்னு எழுதி இருக்கீங்க. மழை பேஞ்ச மறுநாள் வந்து பாருங்க. செம்மண்ணு வழுக்கும், ரெண்டு எடத்துல ஓடை குறுக்கால போகும். 108க்கு போன் போட்டா வண்டி பிரிவு ரோட்டுலயே நின்னுக்கும். அங்கிருந்து ஆளைத் தூக்கிக்கிட்டு வரணும். எங்க பெரியம்மாவை நாங்க நாலு பேரு கட்டில்ல வெச்சுத் தூக்கினோம். இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்துது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது கத்தினது எனக்கு இன்னும் காதுல இருக்கு.

2023ல வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில பாம்பு கடிச்ச குழந்தை செத்து, ரோடு இல்லாம அதோட அம்மாவே உடம்பைத் தூக்கிக்கிட்டு நடந்தது எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்தச் சுத்துப்பக்கம் ரோட்டைப் பத்திப் பேச்சே வேகமாச்சு. நீங்க எழுதப்போற மனுவுல இதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.

வெள்ளைமண்
தோழர், உங்க வலி புரியுது. ஆனா தார் வந்தா ஆம்புலன்ஸ் மட்டும் வராது. வார இறுதிக் கார், பாட்டில், ரிசார்ட்டுக்கு நிலம் தேடுறவன் எல்லாரும் வருவான். எத்தனை மலையில பார்த்திருக்கோம்? நல்லா பராமரிச்ச சரளைப் பாதையில ஆம்புலன்ஸ் தாராளமா போகும். ரெண்டு ஓடைக்கும் பாலம் போதும்.

சாமைக்கொல்லை
பராமரிச்ச சரளைன்னு சொல்லிட்டீங்க. யாரு பராமரிப்பாங்க? ஒவ்வொரு மழைக்கும் மண்ணு அரிச்சுக்கிட்டுப் போகும், வருஷா வருஷம் அடிக்கணும். தார் போட்டா அஞ்சு வருஷமாவது எங்களைத் திரும்பிப் பார்க்காம இருக்கலாம்னு அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இன்னொன்னு. இத்தாலியில அந்த வெள்ளை ரோட்டுல குடி இருக்கிறவங்களுக்குப் பக்கத்துலயே தார் ரோடும் ஆஸ்பத்திரியும் இருக்கும்ல? அப்ப அது சொத்துதான் சார். எங்களுக்கு இருக்கிறதே இந்த ஒண்ணு.

பாட்டில் விஷயம் நியாயம்தான். ஆனா பாட்டிலைப் பார்க்கிறது பீமன் அருவிப் பக்கம். அருவிக்கு வர்றவன் போடறான். எங்க ஊருக்குக் குடிக்கிறதுக்குன்னு யாரும் வர்றதில்ல, அங்க பார்க்க ஒண்ணும் கெடையாது. நீங்கதான் சார் முதல்ல அழகா இருக்குன்னு எழுதி இருக்கீங்க.

இரட்டைக்கம்பி
சரியான போடு 😄

காப்புக்காடு
ரெண்டு பக்கத்துக்கும் ஒரு தகவல். இந்த மாதிரிப் பாதைங்க மண்ணாவே கெடக்கறதுக்குப் பாதி காரணம் வனத்துறை அனுமதி. காட்டு நிலத்துல ரோடு போடணும்னா 1980ஆம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஃபைல் மேல போகணும். ஆனா 2006 வன உரிமைச் சட்டத்துல 3(2)ன்னு ஒரு பிரிவு இருக்கு. ரோடு, பள்ளிக்கூடம், குடிதண்ணி மாதிரி வேலைக்கு, கிராமசபை பரிந்துரைச்சா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம இடம் ஒதுக்கலாம். அதாவது முடிவு ஆரம்பிக்க வேண்டியது கிராமசபையில. போளூர்லேருந்து சைக்கிள்ல வந்தவங்க மனுவுல இல்ல.

சரளைக்காலுக்கு ஒரு கேள்வி. நீங்க போன வழியைப் பதிஞ்சு பொதுவுல ஏத்தி வெச்ச ஜிபிஎக்ஸ் கோப்பைப் பார்த்தேன். அந்த ஊரைத் தாண்டி ஒத்தையடிப் பாதையில 2 கி.மீ. போயிருக்கீங்களே, அனுமதிச் சீட்டு இருந்துச்சா? அது காப்புக்காடு மாதிரி தெரியுது. 2018ல குரங்கணித் தீயில 23 பேர் போனதுக்கப்புறம் மலையேற்றத்துக்கே தனி விதி போட்டாங்க. சைக்கிள்ல போனா மட்டும் காடு விட்டுடுமா?

சரளைக்கால்
சீட்டு இல்ல. மேய்ச்சல் பாதைன்னு நினைச்சுப் போயிட்டோம். தப்புதான், அந்தத் துண்டைக் கோப்பிலேருந்து எடுத்துட்டேன். கையோட இன்னொரு குட்டும் வாங்கிக்கறேன்: காவலூர் பக்கம் இருட்டுன அப்புறம் பெரிய லைட்டைப் போட்டுக்கிட்டு வந்தோம். அங்க 1986லேருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்குன்னு ஒருத்தர் டீக்கடையில சொன்னப்புறம்தான் உறைச்சுது.

மனு எழுதலை. சாமைக்கொல்லை எழுதினதைப் படிச்சப்புறம் கை வரலை. ஆனா வெள்ளைமண் சொல்றதும் முழுக்கப் பொய் இல்லைன்னுதான் இப்பவும் சொல்வேன். ஒத்தை வழித் தாரோட நிறுத்தணும். ரெட்டை வழியா அகலப்படுத்த வந்தா நானே வந்து கிராமசபையில பின்னாடி உக்காருவேன்.

வெள்ளைமண்
நான் மாறலை. பாலம் முதல்ல, தார் அப்புறம். மலையில ஒரு பாதையாவது மிச்சம் இருக்கணும்.

சாமைக்கொல்லை
பாலம் முதல்லன்னா எனக்கும் சம்மதம்தான். ஆனா கொட்டி வெச்ச ஜல்லியைப் பரப்பிட்டு, தார் ஊத்தாம காண்ட்ராக்டர் போயிட்டான்னா அதுதான் சனியன். மண்ணும் இல்ல, தாரும் இல்ல. பைக் சறுக்கும், ஆடு கூட ஓரமா நடக்கும். பக்கத்து ஊர்ல அப்படித்தான் கெடக்கு.

சரளைக்கால்
அந்த ஊர் ஜல்லியிலதான் என் டயர் பக்கவாட்டுல கிழிஞ்சுது! ஓட்டை அடைக்க உள்ள ஊத்தி வெச்ச சீலன்ட் எல்லாம் பால் மாதிரி பீய்ச்சி அடிச்சுது. உள்ள ஒரு பிஸ்கட் கவரை மடிச்சு வெச்சு, டியூப் போட்டு ஓட்டிக்கிட்டு வந்தேன்.

இரட்டைக்கம்பி
பால்னு சொன்னதும் அப்பா ஞாபகம் வருது. அவர் சிந்தலை.

சாமைக்கொல்லை
அடுத்த தடவை வரும்போது சொல்லிட்டு வாங்க, குடிக்கத் தண்ணியும் பலாச்சுளையும் கெடைக்கும். ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். தார் போட்டுட்டாங்கன்னா, அறுப்பு முடிஞ்சதும் அது மேலதான் சாமைக் கதிரைக் கொட்டி வெப்போம், வண்டிங்க ஏறி ஏறித் தாள் பிரியும். உங்க டயர் அகலமா இருக்குன்னு சொன்னீங்களே. நாலு தடவை மேலயும் கீழயும் ஓட்டிட்டுப் போங்க.