பெட்டியில 200 மைல், வீட்டில 9 சனல்: ரொறொன்ரோ ஸ்காபரோவில எந்த அன்ரெனா வாங்கலாம்?

மார்க்கம்றோட்டான்:

வணக்கம். போன மாதம் கேபிளை வெட்டியாச்சு. பில் ஏறுறதைப் பாத்த மனுசி ஒருநாள் பெட்டி, றிமோட் எல்லாத்தையும் ஒரு பைக்குள்ள போட்டுக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்திட்டா. தமிழுக்கு இண்டர்நெட் இருக்கு, அதில பிரச்சினை இல்லை. அப்பாவுக்கு ஆறு மணிக்கு கனடாச் சனல் சிரிவியின்ர செய்தி வேணும், அது முடிய ஏரிக்கு அங்கால அமெரிக்காவில இருக்கிற பஃபலோக்காரன் ஸ்நோ எத்தினை அங்குலம் எண்டு சொல்லுறதும் வேணும். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்போல்.

ஒன்லைன்ல கடுதாசி மாதிரி மெல்லிசான அன்ரெனா ஒண்டு வாங்கினனான். பெட்டியில 200 மைல், 4கே எண்டெல்லாம் கிடந்தது. ஹோல் யன்னல் கண்ணாடியில ஒட்டி ஸ்கான் பண்ண 9 சனல் வந்தது. அதில அப்பாவின்ர 9ஆம் நம்பர் சிரிவி இல்லை. பஃபலோவின்ர 29ஆம் சனல் இரவில மட்டும் வரும், ஆரும் யன்னலடியால நடந்தா படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நிண்டிடும்.

வீடு மார்க்கம் றோட்டும் எல்ஸ்மியரும் சந்திக்கிற பக்கம், இரண்டு மாடி. அந்த யன்னல் வடக்குப் பாத்தது. கூரையில பெருசா ஒண்டு போடட்டோ? போட்டா ரொறொன்ரோச் சனல் வாற சிஎன் டவர் பக்கம் திருப்புறதோ, பஃபலோ பக்கமோ? இரண்டு அன்ரெனா வேணுமோ? அம்ப்ளிஃபயர் போட்டா எல்லாம் சரிவரும் எண்டு வேலையில ஒருத்தர் சொல்லுறார்.

பதினெட்டாம்மாடி:

நான் அடுக்குமாடிக் கொண்டோவில இருக்கிறன். தெற்குப் பாத்த பல்கனி, ஏரி தெரியும். 30 டொலருக்கு வாங்கின முயல் காது அன்ரெனாவை மேசையில வைக்க பஃபலோ 2, 4, 7, 17, 29 எல்லாம் வருகுது. ஏன் கூரையில ஏறி மினக்கெடுவான்?

கொடிகாமத்தான்:

பதினெட்டாம்மாடி, உம்மட அன்ரெனாவின்ர விலை 30 டொலர் இல்லை. உம்மட கொண்டோவின்ர விலைதான் அன்ரெனாவின்ர விலை.

மார்க்கம்றோட்டான் தம்பி, அந்த 200 மைலை முதல்ல மறவும். ரிவி சிக்னல் பெரும்பாலும் நேர்கோட்டில வாறது, பூமி உருண்டை. சாதாரண நாளில 100, 120 கிலோமீற்றர் தாண்டினா அடிவானத்துக்குக் கீழ போயிடும். 4கே அன்ரெனா எண்டும் ஒண்டு இல்லை. அன்ரெனா வெறும் தகரமும் கம்பியும். 4கே, டிஜிற்றல் எல்லாம் ரிவிக்குள்ள இருக்கிற ரியூனரின்ர வேலை.

பெட்டியில பொய் எழுதினவன் ஒரு நாளும் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில ரிவி பாத்திருக்க மாட்டான். எண்பதுகளின்ர கடைசியில நாங்கள் கொடைக்கானல் டவர்ல இருந்து தூரதர்சன் எடுத்தனாங்கள், கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். மூண்டு இரும்புக் குழாயை ஒண்டுக்கு மேல ஒண்டு பூட்டி, நாலு பக்கமும் கம்பியால இழுத்துக் கட்டி, உச்சியில அன்ரெனா. ஐயா கீழ நிண்டு குழாயைத் திருப்புவார், நான் யன்னலடியில நிண்டு கத்துவன்: "வருகுது, வருகுது, விடுங்கோ! ஐயோ, போட்டுது!" கொடைக்கானல் இரண்டாயிரம் மீற்றருக்கு மேல இருக்கிற மலை, இடையில கடல். அதாலதான் அவ்வளவு தூரம் வந்தது. அதுவும் எல்லா நாளும் இல்லை, சில நாள் திரை முழுக்க எறும்புதான்.

உங்கட கதையும் கிட்டத்தட்ட அதுதான், கடலுக்குப் பதிலா ஒன்ராறியோ ஏரி. எல்ஸ்மியர்ல இருந்து சிஎன் டவர் தென்மேற்கில, 20 கிலோமீற்றர் வராது. 553 மீற்றர் உயரத் தூண், அதின்ர சிக்னல் உங்கட சுவருக்குள்ளாலயும் வரும். பஃபலோ அப்பிடி இல்லை. ஃபொக்ஸ் 29உம் பிபிஎஸ் 17உம் கிராண்ட் ஐலண்ட் பக்கத்தில இருந்து வாறது, ஒரு 85 கிலோமீற்றர். 2, 4, 7 மூண்டும் பஃபலோவுக்கும் தெற்க, கோல்டன், சவுத் வேல்ஸ் பக்கத்து மலையில இருந்து. அது 130ஐத் தொடும். நான் மேல சொன்ன எல்லைக்கு வெளியில, ஆனா மலையில நிக்கிற டவர், இடையில தண்ணி. உங்கட 29 தலைகாட்டிறதும் 2, 4, 7 வராததும் உதாலதான்.

ஆனபடியா அன்ரெனாவை பஃபலோவுக்குத் திருப்புங்கோ, தெற்கில இருந்து கொஞ்சம் கிழக்க சரிச்சு. சிஎன் டவர் பக்கவாட்டால தானா நுழையும். இரண்டாவது அன்ரெனா தேவையில்லை.

வாங்க வேண்டியது நாலு வண்ணாத்திப்பூச்சி செட்டை விரிச்ச மாதிரி, பின்னால கம்பி வலை வைச்ச நாலு-பே அன்ரெனா. மீன்முள்ளு மாதிரி நீளமான பழையது ஆரும் சும்மா தந்தாலும் வேண்டாம். ரிவிக்கு இரண்டு அலைவரிசைக் கூட்டம் இருக்கு, கீழ விஎச்எஃப், மேல யூஎச்எஃப். இப்ப யூஎச்எஃப் ரிவி 36ஆம் அலைவரிசையோட முடியுது, அதுக்கு மேல கைபேசிக்காரருக்குக் குடுத்தாச்சு. பழசு அந்தக் கைபேசிச் சிக்னலையும் சேத்து அள்ளும். ஒண்டு கவனம்: சிரிவி வாறது விஎச்எஃப்ல. நாலு-பே யூஎச்எஃப்க்குச் செய்தது. இந்தக் கிட்டத்துக்கு அனேகமா வந்திடும். வராட்டி விஎச்எஃப் கம்பி சேத்த மாடலா வாங்குங்கோ, அப்பாவோட சண்டை பிடிக்கேலாது.

அம்ப்ளிஃபயர் முதல்ல வேண்டாம். சிஎன் டவர் இவ்வளவு கிட்ட இருக்க, மலிவான அம்ப்ளிஃபயர் திணறி உள்ளதையும் கெடுக்கும். பூட்டிறதெண்டா அன்ரெனாவுக்குக் கிட்டப் பூட்ட வேணும். ரிவிக்குப் பின்னால பூட்டினா வயர்ல செத்த சிக்னலை எழுப்பேலாது. வயர் ஆர்ஜி6 எண்ட ரிவி கேபிள் வயர். இரண்டு ரிவிக்குப் பிரிச்சா ஒவ்வொண்டுக்கும் பாதிக்கும் குறைவுதான் போகும், அதையும் நினைச்சுக்கொள்ளுங்கோ. குழாய்க்கும் வயருக்கும் எர்த் கட்டாயம், அதுக்கு எலக்ரீசியனைப் பிடியுங்கோ.

அட்டிக்_ஆள்:

அண்ணை சொன்ன திசை சரி. ஆனா கூரைக்கு முதல் அட்டிக்கில, கூரைக்குக் கீழ இருக்கிற பரணில, வைச்சுப் பாக்கலாமே. நான் நாலு-பேயை அட்டிக்கில கயித்தில தூக்கி வைச்சிருக்கிறன். காத்து இல்லை, மழை இல்லை, மனுசியின்ர "வீடு வடிவில்லை" எண்ட கதையும் இல்லை. ஈர ஸ்நோ கூரையில படிஞ்சா 4உம் 7உம் போகும், மற்றது நிக்கும். கூரைக்கு அடியில அலுமினியத் தாள் பூசின பலகை அடிச்சிருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ, இருந்தா வாசலிலயே அடைச்ச மாதிரி.

இன்னொண்டு. அமெரிக்க ஃபுட்போலின்ர இறுதி ஆட்டம் சூப்பர் போலுக்கு அமெரிக்கன் விளம்பரம் பாக்கவேணும் எண்டா அன்ரெனாதான் வழி. கேபிள்ல வாற அமெரிக்க சனலுக்கு மேல கனடா சிக்னலைப் போட்டு மூடுற சட்டம் இருக்கு. காத்தில வாறதை ஆரும் மூடேலாது.

மார்க்கம்றோட்டான்:

எல்லாருக்கும் நன்றி. அட்டிக்கைத் திறந்து ரோச் அடிக்க, பலகை முழுக்கப் பளபள. அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

சனிக்கிழமை மச்சானைக் கூப்பிட்டு வீட்டின்ர பின்பக்கச் சுவரில, கூரை விளிம்புக்கு மேல ஆறடிக் குழாய் பூட்டி நாலு-பே போட்டம். மச்சான் ஏணியில, நான் ரிவிக்கு முன்னால, அப்பா இரண்டு பேருக்கும் நடுவில கதவடியில. "விடு, விடு! போட்டுது!" எண்டு அவரும் கத்தினார். அவர் அளவெட்டி, அவைக்கும் ஒரு குழாய் இருந்ததாம், எனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை.

ஸ்கான் பண்ண சின்னச் சின்ன சனலோட 31. 9 நல்லா நிக்குது, 2, 17, 29உம் அப்பிடித்தான். 4 விடியக் கொஞ்சம் உடையும். 7தான் தொல்லை, தெற்குப் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் நேர குறுக்க நிக்குது. ஒக்டோபர்ல இலை கொட்ட வருமோ, இல்லாட்டி குழாயை இன்னும் நாலடி உயர்த்த வேணுமோ? மச்சான் ஏணியைத் திருப்பிக் கேக்கிறார்.

கொடிகாமத்தான்:

ஏணியைக் குடுத்திடுங்கோ. இலை கொட்டட்டும், பிறகு பாப்பம்.