பாதத்தில் தொடங்கும் எரிச்சல்: மருந்தும் மைட்டோகாண்ட்ரியாவும், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தென்னாப்பிரிக்காவில் 2004-ல் அரசு மருத்துவமனைகளில் ஏஆர்வி (எச்ஐவி வைரஸை அடக்கும் மருந்துகள்) கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் புதிதிலேயே டர்பனில் ஒரு கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தேன். படுத்த படுக்கையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சில மாதத்தில் தாங்களே பஸ் ஏறி வந்து மாத்திரை வாங்கிப் போவதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் கீழே எழுதுவதை மருந்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போது எல்லாருக்கும் கொடுத்த மருந்துக் கூட்டில் ஸ்டாவுடின் என்ற மாத்திரை இருந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு அக்கா வருவார். கல்யாண வீடுகளுக்குச் சமோசா போட்டுக் கொடுக்கிறவர், நல்ல உழைப்பாளி. மருந்தில் உடம்பு தேறி, எடை கூடி, முகம் தெளிந்திருந்தது. அப்புறம் ஒருநாள் வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமென்ட் தரையில் உள்ளங்காலை அழுத்தி வைத்து உட்கார்ந்திருந்தார். "தரை குளிர்ச்சியா இருக்கும்மா, அதான். ராத்திரி போர்வை பட்டாலே எரியுது" என்றார். அடுத்தடுத்த மாதங்களில் கன்னம் ஒட்டியது, கையில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் "நோய் திரும்பிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் வைரஸோ அடங்கித்தான் இருந்தது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, கூடவே வேறொன்றையும் செய்துகொண்டிருந்தது.

செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறிய டிஎன்ஏ உண்டு, 37 மரபணுக்கள் மட்டும். அதைப் படியெடுக்கும் நொதியின் பெயர் பாலிமரேஸ் காமா. வைரஸின் நொதியை ஏமாற்றி நிறுத்தும் ஸ்டாவுடின், இந்த நொதியையும் ஏமாற்றிவிடும். செல்லில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ குறையக் குறைய, சக்தி தயாராவதும் குறையும். பாதத்து நரம்பின் செல் இருப்பது முதுகுத்தண்டின் ஓரத்தில், அதன் நுனியோ கால்விரலில். அவ்வளவு நீளத்துக்கும் சக்தி போய்ச் சேர வேண்டுமே! அதனால்தான் எரிச்சல் எப்போதும் விரல்நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. கன்னத்துக் கொழுப்புச் செல்கள் கரைவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பயப்பட வேண்டியது இன்னொன்று. ஆக்சிஜன் வழியில் எரிக்க முடியாத சர்க்கரை லாக்டிக் அமிலமாகத் தேங்கும். குமட்டல், வயிற்று வலி, காரணமில்லாத எடைக்குறைவு, கடைசியில் மூச்சு வாங்குதல். பருமனான பெண்களுக்கே இது அதிகம் வந்தது. லாக்டேட் (ரத்தத்தில் அந்த அமிலத்தின் அளவு) பார்க்க ரத்தம் எடுப்பதே தனிப் பக்குவம். நோயாளி சற்று உட்கார்ந்து ஓய்வெடுத்திருக்க வேண்டும், கையை மடக்கி விரிக்கச் சொல்லக்கூடாது, பட்டை போட்டு இறுக்கக்கூடாது, சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து உடனே ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆரோக்கியமானவருக்கும் அளவு ஏறித் தெரியும். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 5-ஐத் தாண்டினால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு மருந்தை மாற்றினார்கள். கன்னம் மெதுவாகக் கொஞ்சம் நிரம்பியது, காலில் மரத்துப்போனது முழுதாகப் போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஸ்டாவுடின் அளவைக் குறைக்கச் சொன்னது, 2009-ல் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இங்கே 2010-லிருந்து புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டெனோஃபோவிர் வந்தது. பாலிமரேஸ் காமாவை அது தொடுவது மிகக் குறைவு. ஆனால் சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பதில்

என் அப்பாவுக்கு மருந்துக்கு அடங்காத காசநோய். கொடுத்த மாத்திரைகளில் லினெசோலிட் ஒன்று. கார் ஓட்டும்போது ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலை அப்படித்தான் சொல்வோம்) சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிகிறது, பச்சையும் அப்படியே என்றார். வயசுக் கோளாறு என்று நாங்கள் விட்டிருப்போம். கிளினிக்கில் மாதாமாதம் வண்ணப் புள்ளி அட்டை காட்டிக் கண் பார்ப்பார்கள். அந்த அட்டையில் எண்ணைப் படிக்கத் திணறினார், உடனே மருந்தை நிறுத்தினார்கள். பார்வை திரும்பிவிட்டது. அந்த நர்ஸம்மாவுக்கு இன்றும் நன்றி சொல்கிறோம். லினெசோலிட் கிருமியைத்தானே கொல்லும், கண் நரம்பை ஏன் தொடுகிறது?

முதல் பதிவர்

அண்ணா, நல்ல வேளை. மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை ஒரு பாக்டீரியா. புரதம் செய்யும் அதன் ரைபோசோம் இன்னும் பாக்டீரியாவின் சாயலில்தான் இருக்கிறது. கிருமியின் ரைபோசோமை அடைக்கும் மருந்து இதையும் ஓரளவு அடைக்கும். கண் நரம்பு, கால் நரம்பு, எலும்பு மஜ்ஜை மூன்றும் அடி வாங்கும். அதனால்தான் ரத்த அணு எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். காசநோய்க்கு முன்பு போட்ட கானாமைசின் ஊசி எத்தனையோ பேரின் காதைக் கெடுத்தது. மைட்டோகாண்ட்ரியாவில் 1555-ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும் குடும்பங்களில் அந்த வகை ஊசி கொஞ்சம் போட்டாலே காது போய்விடும். 2018-ல் நம் நாட்டில் ஊசிக்குப் பதில் பெடாகுலின் மாத்திரைக்கு மாறினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெருலத்திலிருந்து ஒரு பதில்

அம்மாவுக்குச் சர்க்கரை, வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின். வாந்தி பேதி வந்தபோதும் விடாமல் மாத்திரை போட்டுக்கொண்டார், மயங்கியே விட்டார். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அவருக்கும் பாதம் எரிகிறது. பார்மசியில் கோ-என்சைம் கியூ10, ஆன்டிஆக்சிடன்ட் என்று கைநிறைய விற்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?

முதல் பதிவர்

தங்கச்சி, அந்தக் காசைச் சேர்த்து வை. மருந்தால் கெட்ட மைட்டோகாண்ட்ரியாவை அந்தக் கேப்ஸ்யூல்கள் சரிசெய்யும் என்று உறுதியான சான்று இல்லை. உறுதியான மாற்று மருந்து இருக்கும் இடம் வேறு. பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலில் நச்சை முறிக்கும் குளூட்டாதையோன் தீர்ந்து மைட்டோகாண்ட்ரியா நசியும், அங்கே அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் ஏறினால் ஈரல் பெரும்பாலும் பிழைக்கும். தலைவலித் தூளிலும் சளி மருந்திலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதே.

மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிப்பதன் முதல் படியை லேசாகத்தான் தடுக்கும். பெரும்பாலும் சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால்தான் லாக்டேட் ஏறும். வாந்தி பேதி வந்தால் மெட்ஃபார்மினை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வை. அம்மாவாக நிறுத்தவும் வேண்டாம், நாமாகக் கூட்டவும் வேண்டாம். அம்மாவின் பாத எரிச்சலுக்குச் சர்க்கரையே காரணமாக இருக்கலாம். மெட்ஃபார்மின் நாள்பட்டால் பி12-ஐயும் குறைக்கும், அதுவும் காலை இப்படித்தான் எரிக்கும். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினோடு பி12-ம் பார்க்கச் சொல்லு. குறைவாக இருந்தால் ஊசி போடுவார்கள்.