விண்டோஸ் 7-ஐ அப்படியே விர்ச்சுவல் மிஷினாக மாற்றினேன், நீலத்திரையோடு நிற்கிறது

காப்பித்தோட்டம்:
ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸ். செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு), பழ எடை, கூலி எல்லாம் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில்தான். மழைக்காலத்தில் இங்கே சுவரே வியர்க்கும், மதர்போர்டு எத்தனை நாள் தாங்குமோ. சாஃப்ட்வேர் எழுதியவர் தொடர்பில் இல்லை, சிடியும் இல்லை, அதனால் புதிதாகப் போடச் சொல்லாதீங்க. டிஸ்க்2விஎச்டி என்ற கருவியை வைத்து டிஸ்க்கை விஎச்டியாக (முழு டிஸ்க்கும் ஒரே இமேஜ் ஃபைலாக) எடுத்தேன், பிழை எதுவும் வரவில்லை. லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மிஷின் என்ற இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் சாஃப்ட்வேர்) மாட்டினால் லோகோ வரும், உடனே நீலத்திரை மின்னி ரீஸ்டார்ட். எஃப்8-ல் ஆட்டோ ரீஸ்டார்ட்டை நிறுத்திப் பார்த்தேன், பிழை எண் 0000007பி. இமேஜ் கெட்டுப்போச்சா?

அஸ்தம்பட்டி:
இமேஜ் நல்லாத்தான் இருக்கு தம்பி. லோகோ வரை பயாஸ் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் புரோகிராம்) டிஸ்க்கைப் படித்துக் கொடுக்கும், அதற்கப்புறம் விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் டிஸ்க்கைத் தொடவேண்டும், அங்கேதான் 7பி வருது. இன்ஸ்டால் பண்ணும்போது தேவைப்படாத டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரை விண்டோஸ் 7 பூட்டில் ஏற்றாது. பழைய மிஷின் பயாஸில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) என்ன, பழைய ஐடிஇயா, புதிய ஏஎச்சிஐயா?

காப்பித்தோட்டம்:
ஐடிஇ என்றுதான் இருக்கு அண்ணா.

அஸ்தம்பட்டி:
அதேதான். விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க் சாட்டாவில், அதாவது ஏஎச்சிஐ முறையில், தொங்கும். முதலில் விஎச்டிக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க. அப்புறம் ஸ்டோரேஜில் சாட்டாவிலிருந்து கழற்றி, ஐடிஇ கன்ட்ரோலர் சேர்த்து, பிக்ஸ்4 (PIIX4) வகையில் மாட்டுங்க. பூட் ஆனதும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கீழே எம்எஸ்ஏஎச்சிஐ-யின் (விண்டோஸின் ஏஎச்சிஐ டிரைவர்) ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கி, ஷட்டவுன் பண்ணினால் சாட்டாவுக்கே திரும்பலாம். ஐடிஇயிலேயே விட்டாலும் செக்ரோலுக்குப் போதும், நானாக இருந்தால் தொடமாட்டேன்.

சூரமங்கலம்:
நாளைக்கு லினக்ஸ் கேவிஎம்முக்கு (லினக்ஸில் விர்ச்சுவல் மிஷின் ஓட்டும் வசதி) போகிற எண்ணம் இருந்தால் கியூஇமு-ஐஎம்ஜி கன்வர்ட் கமாண்ட் போட்டு விஎச்டியை கியூகவ்2 (அதற்கான டிஸ்க் ஃபார்மட்) ஆக்குங்க. மூல ஃபார்மட் இடத்தில் விஎச்டி என்று கொடுத்தால் ஏற்காது, விபிசி என்று கொடுக்கணும், இது நிறையப் பேரைச் சுற்றவிட்ட விஷயம். அங்கேயும் எடுத்த எடுப்பில் விர்ட்ஐஓ (விர்ச்சுவல் மிஷினுக்கென்றே உள்ள டிஸ்க் கன்ட்ரோலர், விண்டோஸ் 7-ல் இதன் டிரைவர் இருக்காது) வைத்தால் இதே 7பிதான். டிஸ்க்கை ஐடிஇயில் விட்டு, சின்னதாக இன்னொரு விர்ட்ஐஓ டிஸ்க் மாட்டி டிரைவர் போட்ட பிறகு மாற்றுங்க. ஹார்டுவேர் மாறியதால் ஆக்டிவேஷன் கேட்கும். மிஷினோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அது அந்த மிஷினோடு சரி. 2020 ஜனவரி 14-க்குப் பிறகு விண்டோஸ் 7-க்கு இலவச அப்டேட்டும் இல்லை, இன்டர்நெட் கொடுக்காதீங்க.

காப்பித்தோட்டம்:
ஐடிஇக்கு மாற்றினேன், முதல் தடவையிலேயே வந்துவிட்டது! ரொம்ப நன்றி அண்ணா. கூலி லிஸ்ட்தான் பிரிண்ட் ஆகல, சாஃப்ட்வேர் எல்பிடி1 (பழைய பேரலல் பிரிண்டர் போர்ட்) தவிர வேற எதையும் கேட்காது, லேப்டாப்பில் அந்த போர்ட்டே இல்லை.

அஸ்தம்பட்டி:
டாட் மேட்ரிக்ஸ்தானே, யூஎஸ்பி-பேரலல் கேபிளில் லேப்டாப்பில் மாட்டி அங்கேயே ஷேர் பண்ணுங்க. விர்ச்சுவல் மிஷின் உள்ளே நெட் யூஸ் கமாண்டில் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிடுங்க. நெட்வொர்க் ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்போடு மட்டும் பேசும் வகை) போதும், வெளியே எங்கேயும் போகாது.